கடைசி இடத்துக்கும் அரைப் பக்கம்

போன மாதம் ஒரு நாள், எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பி.டி. டீச்சர் ஒருத்தி போன் செய்தாள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் மார்ச் பாஸ்ட் போட்டிக்கு அவளை நடுவராகப் போட்டிருக்கிறார்களாம். "இப்பல்லாம் ரொம்ப ஈஸி டீச்சர். போன்லயே மார்க் போட்டுடலாம். கீழ கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. 'நன்று', 'மிக நன்று', 'முன்னேற்றம் தேவை'ன்னு ரெடியா வச்சிருக்காங்க. ஒண்ணைத் தொட்டா முடிஞ்சுது" என்றாள்.

"முன்னேற்றம் தேவைன்னா எங்கேம்மா தேவை? கையிலயா, காலுலயா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கல டீச்சர்" என்று சிரித்தாள். பிறகு, "உங்க காலத்துல எப்படி எழுதினீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், நாங்க படிக்கிறோம்" என்றாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துக்கொண்டாள். இனி முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் பெயர் மெஹருன்னிசா. பிள்ளைகளுக்கு மெஹர் டீச்சர். என் அத்தா மயிலாப்பூரில் தையல்கடை வைத்திருந்தார். பள்ளிச் சீருடை தைப்பதில் பெயர் எடுத்தவர். அவர் தைத்த சட்டைகள் வரிசையாக நடந்து போவதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு மார்ச் பாஸ்ட் மேல் ஆசை வந்தது என்று நினைக்கிறேன். உடற்கல்விப் பயிற்சி முடித்தேன், தி.நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன், விசிலும் வெயிலுமாக வருடங்கள் ஓடின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்சென்னைப் பள்ளிகளின் அணிவகுப்புப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். உண்மையான படிப்பு எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

தலைமை நடுவர் ஞானராஜ் மாஸ்டர். ராணுவத்தில் பேண்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று சாந்தோமில் குடியிருந்தார். ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். ஆறாம் வகுப்புப் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். "தாங்கள் சற்றே அருள்கூர்ந்து" என்று அவர் தொடங்கினால், எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும். எனக்கு நேர்மாறாக, சட்டென்று மூக்குக்கு மேல் கோபம் வரும். முதல் வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனதே அல்லாஹ்வின் கிருபை.

அவர் வைத்திருந்த முறை விசித்திரமானது. நடுவர்கள் மூன்று பேர். ஆளுக்கு ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். நான் காலடியையும் கை வீச்சையும் மட்டும் பார்ப்பேன். பாலு சார் என்று ஓவிய ஆசிரியர் ஒருவர், மிருதங்கம் கற்றவர். அவர் சத்தத்தை மட்டும் கேட்பார். வரிசையையும் அணித் தலைவரையும் மாஸ்டர் பார்ப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், சத்தம் கேட்கிறவர் அணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கால் பார்க்கிற நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி இருக்கும். அதிலிருந்து பஞ்சை எடுத்து, திருநீறு கொடுக்கிற பூசாரி மாதிரி பயபக்தியோடு என் கையில் வைப்பார்.

முதல் வருடம், மேடையில் இருந்த சிறப்பு விருந்தினர் பாலு சாரைச் சுட்டிக்காட்டி, "அந்த சாருக்கு யார் மேல கோவம்? சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாங்கப்பா" என்று சொல்ல, கேலரி முழுக்கச் சிரிப்பு. எனக்கும் எரிச்சல்தான். "காதை அடைச்சுக்கிட்டு மார்ச் பாஸ்ட் பார்க்கச் சொல்றீங்களே மாஸ்டர், நியாயமா?" என்று கேட்டேன்.

"டிரம் எங்க நிக்குது? மேடைக்குப் பக்கத்துல. நீங்க எங்க நிக்கிறீங்க? மறுகோடித் திருப்பத்துல. தூரத்துல ஒருத்தர் துணி துவைக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? துணி கல்லுல விழறது முதல்ல தெரியும், சத்தம் அப்புறம்தான் வரும். அதே மாதிரி மேடைப்பக்கம் பிள்ளைங்க காலைச் சரியாத்தான் வைப்பாங்க. உங்க காதுக்கு டிரம் லேட்டா வரும். நீங்க தப்புன்னு எழுதிடுவீங்க. எத்தனை நடுவருங்க எத்தனை பிள்ளைங்களுக்கு இந்தப் பாவத்தைப் பண்ணியிருக்காங்க தெரியுமா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் மறுபேச்சில்லாமல் பஞ்சை வாங்கிக்கொண்டேன்.

மதிப்பெண்களை எழுதி உறையில் போட்டு ஒட்டும்வரை எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஒட்டிய பிறகு, மைதானத்து அறையில் டீயும் பஜ்ஜியும் வரும். அங்கே உட்கார்ந்துதான் ஒவ்வொரு பள்ளிக்கும் கருத்துரை எழுத வேண்டும். முதல் பரிசு வாங்கிய பள்ளிக்கு அரைப் பக்கம் என்றால் கடைசியில் வந்த பள்ளிக்கும் அரைப் பக்கம். ஒரு வரி கூடக் குறையக் கூடாது. 'அருமை', 'மோசம்', 'சுமார்' இந்தச் சொற்களுக்குத் தடை. நான் முதன்முதலில் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'கை வீச்சு மோசம்.' மாஸ்டர் அதைப் படித்துவிட்டுக் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"தாங்கள் சற்றே அருள்கூர்ந்து, இதைப் படிச்சிட்டு நாளைக் காலையில அந்தப் பையன் என்ன செய்வார்னு சொல்லுங்க."

"அழுவான்" என்றேன், வாய்த் துடுக்காக.

"சரி. அழுது முடிச்சப்புறம்?"

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். திரும்ப எழுதினேன். 'மூன்றாவது வரிசையில் இடது கை தோள்வரை வருகிறது, வலது கை இடுப்போடு நின்றுவிடுகிறது. வலது கைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுங்கள்.' மாஸ்டர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவரிடம் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய வழக்கம் ஒன்று இருந்தது. கருத்துரையைத் தபாலில் அனுப்ப மாட்டோம். எழுதியவரே அந்தப் பள்ளிக்குப் போய், காலை வழிபாட்டில், அணியை முன்னால் நிறுத்தி, அவர்கள் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். இதை ஏற்படுத்தியவரும் மாஸ்டர்தான். ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத வார்த்தையைக் காகிதத்தில் எழுதாதே என்பதுதான் உள்ளர்த்தம். இரண்டாம் வருடம், முதல் பரிசு வாங்கிய அடையாறு பள்ளி ஒன்றில் போய், 'திருப்பத்தில் உள்பக்கத்துப் பிள்ளைகள் காலைச் சுருக்காமல் வெளிப்பக்கத்தாரை ஓட வைத்தீர்கள்' என்று வாசித்தேன். பள்ளித் தாளாளர் முகம் சுண்டிவிட்டது. "கப் வாங்கின பசங்களுக்கே இப்படியா?" என்று கேட்டார். ஆனால் அணியில் வெளிப்பக்கம் நடந்த குண்டுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்பாடா, ஒருவராவது சொன்னார்களே என்கிற சிரிப்பு. தாளாளரின் முகத்தை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு வருடம் புதிதாக ஒரு பெண்கள் பள்ளி போட்டிக்கு வந்தது. ஊரூர் ஒல்காட் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற சின்னப் பள்ளி. அணித் தலைவி கஸ்தூரி. பத்தாம் வகுப்பு. கறுத்து, உயர்ந்து, கழுத்தை நிமிர்த்தி நின்றாள் என்றால் கண் அங்கேயே போகும். அவள் 'நடைபோடு' என்று கொடுத்த குரல் என் பஞ்சையும் துளைத்துக்கொண்டு வந்தது.

முதல் பாதி மைதானம் அப்படி நடந்தார்கள். பஞ்சு போல் தூக்கி, பதறாமல் வைத்த கால்கள். இது யார் புதுசாக என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு நான் இருந்த திருப்பத்துக்கு வந்தார்கள். அங்கே கேலரியை அடுத்து உயரமான ஒரு சுவர். அந்தச் சுவரோரம் வந்ததும் பின்வரிசைகளின் கால் பிசகியது. முன்னால் இடது, பின்னால் வலது. நடுவரிசைப் பிள்ளைகள் யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறினார்கள். ஒருத்தி முன்னால் போனவளின் குதிகாலை மிதித்தாள். கேலரியில் சிரிப்பு. அணித் தலைவி திரும்பிப் பார்க்கக் கூடாது, அது விதி. கஸ்தூரி திரும்பவில்லை. ஆனால் வாயைத் திறந்தாள். "லெஃப்ட்! லெஃப்ட்! லெஃப்ட்!" என்று உரக்கக் கூப்பிட்டாள். போட்டியில் அப்படிக் கூப்பிட்டால் மதிப்பெண் போகும்; சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். மேடையை நெருங்குவதற்குள் கால்கள் ஒன்றாகிவிட்டன. ஆனால் வரிசை குலைந்தது குலைந்ததுதான். கடைசி இடம்.

உறைகளை ஒட்டிய பிறகு அறையில் பேச்சு எழுந்தது. "நல்லா நடந்த பிள்ளைங்க, அந்தச் சுவருக்கிட்ட என்ன ஆச்சுன்னே புரியலை. நான் பார்த்தேன், காரணம் தெரியலை" என்றேன்.

பாலு சார் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "எனக்குக் காரணம் தெரியும், நீங்க பார்த்ததுதான் தெரியாது. அந்தச் சுவர்ல பட்டு டிரம் ரெண்டா கேக்குது டீச்சர். நடக்கிறவங்க கால் சத்தமும் திரும்பி வருது. மத்த ஸ்கூல் பசங்க சிமெண்டு முற்றத்துல, நாலு பக்கம் சுவருக்கு நடுவுல பழகினவங்க. அவங்களுக்கு அது தினம் கேக்கிற சத்தம். இந்தப் பிள்ளைங்க எங்க பழகினாங்களோ?"

"கடற்கரை மணல்ல" என்றார் மாஸ்டர். "முழங்காலைத் தூக்கின விதத்தைப் பார்த்தீங்களா? மணல்ல நடந்தா அப்படித்தான் தூக்கணும். மணல்ல காலடிக்குச் சத்தம் இல்ல. தங்களோட கால் சத்தத்தையே அவங்க இன்னைக்குத்தான் முதல் தடவை கேட்டிருப்பாங்க."

முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், தங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டே மிரண்டிருக்கிறார்கள்! மாஸ்டர் தன் பங்கை எழுதி என் பக்கம் தள்ளினார். அதில் இப்படி இருந்தது: 'அணித் தலைவர் வாய்விட்டு அடி எண்ணியதால் மதிப்பெண் குறைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் எண்ணியிருப்பேன்.' அத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் அப்படி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

காலுக்கு நான் எழுதினேன்: 'கெட்டித் தரையில், நீண்ட சுவருக்குப் பக்கத்தில் நடந்து பழக வேண்டும். அங்கே காதை நம்பாமல், முன்னால் இருப்பவரின் தோளைப் பார்த்து நடக்க வேண்டும்.' எழுதி முடித்துத் திருப்தியாக டீயைக் குடித்தேன். உண்மையும் இருந்தது, வழியும் இருந்தது.

மறுநாள், எப்போது வந்து வாசிக்கலாம் என்று கேட்க அந்தப் பள்ளிக்கு போன் செய்தேன். தலைமையாசிரியை அலமேலு மேடம் பேசினார். மயிலாப்பூர்க்காரர். எங்கள் அத்தா அவர் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்தவர் என்பதால் பழக்கம் உண்டு.

"திங்கக்கிழமை பிரேயருக்கு வந்துடுங்கோ மெஹர். ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்கப்படாது. எங்க பி.டி. டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கா. அந்தப் பொண்ணு கஸ்தூரிதான் எல்லாரையும் அழைச்சுண்டு போய் மணல்ல நடத்திண்டிருக்கா. அலைக்குப் பக்கத்துல! ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும்? பள்ளிக்கூடத்துல கிரவுண்டும் கிடையாது. நீங்க எழுதினதைக் கேட்டுண்டு, இத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன். சரியான இடம் இல்லாம எதுக்கு அதுகளை வதைக்கணும்?"

போனை வைத்துவிட்டு நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கெட்டித் தரை. நீண்ட சுவர். அந்தப் பள்ளியில் இரண்டுமே கிடையாது. என் அரைப் பக்கத்தை வாசித்த மாத்திரத்தில் அந்த அணி கலைந்துவிடும். கையிலிருந்த காகிதம் கனத்தது என்றால் நம்புவீர்களா?

மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். பாலு சாரும் இருந்தார். "இதுல என்ன டீச்சர் யோசனை? 'ஆர்வம் பாராட்டத்தக்கது, தொடர்ந்து முயற்சி செய்க'ன்னு போட்டு வாசிச்சிட்டு வந்துடுங்க. நாலு நல்ல வார்த்தைக்கு என்ன குடி முழுகிடும்?" என்றார் அவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மாஸ்டர் எழுந்து நின்றார். "பாலு அவர்களே, அடுத்த வருஷமும் அந்தச் சுவர் அங்கதான் நிக்கும். அதே இடத்துல அதே பொண்ணுங்க கால் பிசகும், அதே கேலரி சிரிக்கும். தாங்கள் அப்போ சற்றே அருள்கூர்ந்து முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க." மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "உண்மையை மாத்தாதீங்க. ஆனா அவங்களால செய்ய முடியாததை எழுதினா அதுவும் கருத்துரை இல்ல, தீர்ப்பு. போய்ப் பாருங்க. ஊர்ல சுவருக்கா பஞ்சம்?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து பெசன்ட் நகர் போய்க் குப்பத்துக்கு நடந்தேன். படகுகளுக்கு நடுவே மணலில் பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள். போட்டி முடிந்து தோற்ற பிறகும் நடந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கஸ்தூரி அணியை நிறுத்தி, விறைப்பாக நின்றாள். அவள் அம்மா அஞ்சலை, கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள், இடுப்பில் கையை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணைத்தான் பார்க்க வந்தேன்."

"ஐய, கடசீல வந்துச்சின்னு ஸ்கூலே சிரிக்குது. ரெண்டு நாளா சோறு துன்னல. இதுல நீ வேற நாளிக்கு வந்து படிக்கப் போறியாமே, எல்லாரு முன்னாடியும். நல்லா கீது நாயம்!"

"அஞ்சலைம்மா, உன் பொண்ணு நல்லா நடக்குது. சுவர்கிட்டதான் மாறுது" என்று, நடந்ததை விளக்கினேன். டிரம் இரண்டாகக் கேட்டதைச் சொன்னதும் கஸ்தூரியின் முகம் மாறியது.

"ஆமா டீச்சர்! எனக்கும் கேட்டுச்சு. பின்னால வேற ஒரு டீம் வந்துகினு கீதுன்னு நெனச்சிட்டேன். நாங்க தப்பா நடக்கலியா அப்போ?"

"தப்பாத்தான் நடந்தீங்க. ஏன் தப்புனீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்."

அந்தப் பெண் சிரித்தாள். தப்பு என்று சொன்னதற்கு ஒருத்தி இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு சுவர் கண்ணில் பட்டது. குப்பத்து முனையில், தார் ரோட்டை ஒட்டி, குடியிருப்புக் கட்டடங்களின் நீண்ட மதில். கெட்டித் தரை, உயரமான சுவர். என் காகிதத்தில் கேட்டிருந்த அத்தனையும் அங்கே இருந்தது. "காலையில அங்க நடக்கலாமே?" என்றேன்.

அஞ்சலை கையை உதறினாள். "அது எங்க எடம் டீச்சர். காலீல நாங்க அங்கதான் குந்தி மீன் விக்கறோம். ஒரு நாளு எடத்த உட்டோம்னு வெச்சிக்கோ, அப்பால வேன்காரன் வந்து நிறுத்திக்குவான், அவன எவன் எய்ப்பறது? இத்தினி பொம்பளைங்க வய்த்துல அடிச்சிக்கினா பொண்ணுங்க லெப்டு ரைட்டு போவணும்?"

அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அம்மாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசித்தும் வேறு இடம் தோன்றவில்லை. அஞ்சலை மறுத்துவிட்டாள்தான்; ஆனாலும் இருக்கிற ஒரே இடம் அதுதான் என்று, என் கருத்துரையில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: 'குப்பத்து முனையில் மதிலோரத் தார் ரோட்டில், விடியற்காலையில் நடக்கலாம்.'

திங்கட்கிழமை வழிபாட்டில் வாசித்தேன். பிசகியதைச் சொன்னேன், குதிகால் மிதிபட்டதைச் சொன்னேன், முதல் பாதியில் கால் பதறாமல் விழுந்ததையும் அதே குரலில் சொன்னேன். மாஸ்டரின் வரியை வாசித்தபோது கஸ்தூரி முதல் தடவையாகத் தலையைக் குனிந்தாள். கடைசி வரியையும் வாசித்து முடித்தேன்.

அலமேலு மேடம் என் காதருகில், "அது மீன்காராள் உக்கார்ற இடமாச்சே மெஹர். அவா எழுந்துப்பாளா?" என்றார். பிறகு கஸ்தூரியிடமே கேட்டார். "ஏம்மா, உங்கம்மா இடம் விடுவாளா?"

"மாட்டாங்க மிஸ்" என்றாள் கஸ்தூரி. பொய் சொல்லத் தெரியாத பெண்.

மேடம் பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். "சரி. நாளைக்குக் காலம்பற நானே வந்து பாக்கறேன். நடக்க இடம் இருந்தா நடக்கட்டும். இல்லேன்னா இத்தோட போதும். எல்லாரும் கிளாசுக்குப் போங்கோ."

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அலமேலு மேடம் எனக்கு முன்பே வந்து, மதில் முனையில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். மதிலோரம் பார்த்தேன். கூடையும் தராசுமாக அத்தனை பெண்களும் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்து, நான் சொன்னேனே என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

கஸ்தூரி அணியோடு வந்தாள். அம்மாவைப் பார்த்து நின்றாள். கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வெறுமனே நின்றாள்.

அஞ்சலை வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். எழுந்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலோரத்தை விட்டு நடந்து, நடு ரோட்டில் தொப்பென்று வைத்து, அதன் பின்னால் உட்கார்ந்தாள். "ஏ, இன்னா பாத்துகினு கீறீங்க? வாங்கடி!" என்று ஒரு அதட்டல். பாதிப் பெண்கள் அவள் பக்கத்தில் வந்து ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் மதிலின் மறுமுனைக்குப் போய் அங்கேயும் குறுக்கே கூடையை வைத்தார்கள். நடுவில் ரோடு முழுசாகக் காலியாகிவிட்டது.

"எடத்த உட்டாதான் டீச்சர் போய்டும்" என்றாள் அஞ்சலை. "அதான் ரோட்டயே புட்ச்சிக்கினோம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் எழுதிய ஒரு வரியில் இதெல்லாம் இல்லவே இல்லை.

கஸ்தூரி குரல் கொடுத்தாள். பிள்ளைகள் நடந்தார்கள். காலடி ஒவ்வொன்றும் மதிலில் மோதித் திரும்பியது. பாதி தூரத்தில் பின்வரிசை பிசகியது. மைதானத்தில் ஆனதேதான். திரும்பி வந்தார்கள், மறுபடி நடந்தார்கள், மறுபடி பிசகியது. "தோளைப் பாரு, தோளைப் பாரு!" என்று நான் கத்தினேன். அலமேலு மேடம் பிசகுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. "இன்னாம்மா, ரோடு உங்கப்பன் ஊட்டுதா?" என்று ஹாரன் அடித்தான்.

"பொண்ணுங்க நடக்குது, கண்ணு தெர்ல? அந்தாண்ட சுத்திகினு போ நைனா!" என்று அஞ்சலை கூடையிலிருந்து ஒரு வஞ்சிர மீனை வாலோடு தூக்கிக் காட்டினாள். அவன் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுமுனையில் இன்னொரு ஆட்டோ. அங்கே பெண்கள் யாரோ ஒரு வீட்டுக்காரரிடம் நெத்திலிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவனைத் தடுக்க ஆள் இல்லை. கூடைகளுக்கு நடுவே வண்டியை மெல்ல உள்ளே விட்டான். பிள்ளைகள் அந்தப் பக்கமாகத்தான் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் ஓட எத்தனித்தேன். அதற்குள் பக்கத்தில் நின்றிருந்த அலமேலு மேடத்தைக் காணோம். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீன் தண்ணீரை மிதித்தபடி, வேகவேகமாக அந்த முனைக்குப் போய்விட்டார். ஆட்டோவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

"சுத்திண்டு போங்கோ. கொழந்தைகள் நடக்கறா."

"எவ்ளோ நேரம் மேடம் ஆவும்?" என்றான் அவன்.

மேடம் திரும்பி அணியைப் பார்த்தார்.

"பின்வரிசை இன்னும் பிசகறதே. அது சரியாகற வரைக்கும்" என்றார்.